மூன்று பேட்டரி போய்விட்டது, நான்காவது வாங்கலாமா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அப்பா ஓட்டிய 2014 மாடல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. அதைப் போன வருடம், தேவையில்லாததையெல்லாம் கழற்றி மொட்டையாக்கும் பாபர் ஸ்டைலுக்கு மாற்றியிருக்கிறார். இரண்டு பக்கப் பெட்டியையும் எடுத்துவிட்டு, ஃப்ரேமைக் கறுப்பில் பவுடர் கோட்டிங் செய்து, ஒற்றை சீட் வைத்து, சைலன்சருக்கு மேலே ஒரு சின்னத் தகரத் தட்டில் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆர்.ஆர். யூனிட், அதாவது சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் போய்விட்டது. ஒயர் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று இவரே கேட்டதால் ஃபியூஸ் பெட்டியையும் எடுத்துவிட்டார்களாம்.

முதல் பேட்டரி ஐந்து மாதம் ஓடியது. பிறகு ஃபாக் லைட் இரண்டு மாட்டினார், இரண்டாவது பேட்டரி மூன்று மாதம் தாங்கியது. திருட்டு பயத்தில் ஜிபிஎஸ் டிராக்கர் போட்டார், மூன்றாவது ஏழே வாரத்தில் படுத்துவிட்டது. நான்கு நாள் சொந்த ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஹார்ன்கூட அடிக்கவில்லை என்கிறார். மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை, அதனால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டார். பேட்டரிக் கடைக்காரர் மூன்றாவது முறை வாரண்டி தர மாட்டேன் என்கிறார். இன்னொருவர் என்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலை ரீவைண்டிங் செய்ய, அதாவது கம்பியை மறுபடி சுற்றச் சொல்கிறார், நண்பர்கள் லித்தியம் பேட்டரிக்கு மாறச் சொல்கிறார்கள். "அண்ணா, எதை நம்புவது? கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி நான்கு எண்களைக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பத்தில் ஒன்றில்கூட அது இருக்காது. காலையில் சாவி போடாமல் 12.1 வோல்ட், என்ஜின் ஐடிலில் 12.6, ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.1, ஃபாக் லைட்டையும் போட்டால் 12.4. இந்த நான்கு எண்களும், எந்த பேட்டரி எதற்குப் பிறகு செத்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையும் போதும், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஐந்து மாதம், மூன்று மாதம், ஏழு வாரம். வரவர மட்டமான பேட்டரியாகக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியில் ஒரு செலவு கூடியிருக்கிறது, வரவு கூடவே இல்லை. மூன்று பேட்டரியும் பட்டினியில் செத்திருக்கின்றன.

மற்றதெல்லாம் இருக்கட்டும், ஒரு வேலையை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஃபியூஸ் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்

ஃபாக் லைட்டும் டிராக்கரும் பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸ் இல்லாமல் போகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒயர் டேங்குக்கு அடியில், ஃப்ரேம் ஓரமாக உரசிக்கொண்டு போகிறது. சிங்கிள் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு ஃப்ரேமைத் தொட்டால், ஒயர் நொடியில் பழுத்துவிடும், அதற்கு மேலே பெட்ரோல். 5 ஆம்பியர்-அவர் என்பது சின்ன பேட்டரிதானே என்று நினைக்க வேண்டாம், ஷார்ட் ஆனால் அதுவும் ஒரு ஒயரை எரிக்கிற அளவுக்குக் கொட்டும்.

இன்று மாலையே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பாசிட்டிவை அப்புறம் தொடுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் ஒன்று, ஃபாக் லைட்டுக்குத் தனியாக ரிலேயும் (சின்ன கரண்ட்டில் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 5 ஆம்பியர் ஃபியூஸும், டிராக்கருக்கு 1 அல்லது 2 ஆம்பியரில் ஒன்று. மெயினுக்கு உங்கள் வண்டியில் கம்பெனி என்ன அளவு போட்டிருந்ததோ அதையே போடுங்கள், அடிக்கடி போகிறது என்று அளவைக் கூட்டாதீர்கள். ஃபியூஸ் ஹோல்டர் கண்ணுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன

12 வோல்ட் பேட்டரியில் 12.1 காட்டுகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். உள்ளே ஆறு செல், முழுதாக ஏறினால் ஒவ்வொன்றிலும் 2.1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆக ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி காலையில் 12.7, 12.8 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசிதான் இருக்கிறது. 12.1 என்றால் கால் பங்கு பக்கம் வந்துவிட்டது. லெட்-ஆசிட் பேட்டரியை அந்த நிலையில் நாள்கணக்கில் வைத்திருந்தால் பிளேட்டுகளில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் உள்ளே ஏறாது. உங்கள் பேட்டரிகள் செத்த விதம் இதுதான்.

அடுத்தது அந்த 13.1. மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரைப் பிடித்து வைத்தால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்துச் சாகும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வர வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். ஃபாக் லைட்டைப் போட்டதும் 12.4-க்கு இறங்குகிறது என்றால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியிலிருந்து எடுத்து எரிக்கிறது. வேலைக்குப் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர், இரண்டு தடவை செல்ஃப் ஸ்டார்ட். செல்ஃப் இழுத்ததையே அந்த நாலு கிலோமீட்டரில் திருப்பி ஏற்ற முடியாதபோது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஃபாக் லைட் போட்டு வருகிறீர்கள். பாவம், பேட்டரி என்ன செய்யும்.

இதோடு கம்பெனி இந்த வண்டிக்குக் கொடுத்தது 14 ஆம்பியர்-அவர் பேட்டரி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். பெரிய தொட்டியில் சின்ன ஓட்டை இருந்தால் மாதக்கணக்கில் தெரியாது, சின்னச் சொம்பில் இருந்தால் மறுநாளே தெரிந்துவிடும்.

மெக்கானிக் செய்த சோதனை

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய வண்டிகளில் கைபழகிய வழக்கம். அவர் மேல் கோபப்பட வேண்டாம், ஆனால் இனி யாரையும் செய்ய விடாதீர்கள். பேட்டரி இருக்கும்வரை அது வோல்டேஜைப் பிடித்து வைக்கும். அதைக் கழற்றிய நொடியில் வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரையோ எல்இடியையோ அடித்துவிட்டுப் போகலாம். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவேகூடப் போகலாம். அது போகட்டும், அந்தச் சோதனையில் தெரிவது கொஞ்சமாவது கரண்ட் வருகிறது என்பது மட்டும்தான். போதுமான அளவு வருகிறதா, வந்தது பேட்டரிக்குள் போய்ச் சேர்கிறதா என்பது தெரியாது. நமக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டும்தான்.

எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான்

போன ஐப்பசி மழையில் என் பட்டறைக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்தது, அதுவும் பவுடர் கோட்டிங் செய்த பாபர். பேட்டரி, ரெகுலேட்டர் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எர்த் போல்ட்டை, அதாவது பேட்டரி நெகட்டிவ் ஒயரை ஃப்ரேமோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினேன். லக் (ஒயர் நுனியில் இருக்கும் வளையம்) உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளவென்று அப்படியே இருந்தது, சுரண்டவே இல்லை. செம்பு லக்கின் உள்விளிம்பு மட்டும் கருநீலமாக வெந்திருந்தது. அதாவது அத்தனை கரண்ட்டும் போல்ட்டின் இரண்டு மூன்று மரை வழியாக மட்டும் போய் வந்திருக்கிறது. பெயின்ட்டை ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, எமரி பேப்பர் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கினேன். பேட்டரி முனையில் 13.0 காட்டிக்கொண்டிருந்த வண்டி 14.1-க்கு வந்தது. புதிதாக ஒரு பார்ட்டும் போடவில்லை.

பவுடர் கோட்டிங் சாதாரண பெயின்ட்டைவிடத் தடிமன், கரண்ட் அதைத் தாண்டாது. உங்கள் எர்த் தகரத் தட்டில் இருக்கிறது, தட்டு கோட்டிங் போட்ட ஃப்ரேமில் இருக்கிறது, என்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே தனி எர்த் ஒயர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஊகத்தில் சுரண்ட வேண்டாம், அளந்தே பாருங்கள்.

என்ஜினை ஓடவிட்டு, லைட்டெல்லாம் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள ஒரு ஆளை வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் மேலேயும், இன்னொன்றை ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் ஒயர் மேலேயும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வெளியே வரும் பாசிட்டிவுக்கும் நடுவே பாருங்கள், அங்கேயும் அதே கணக்கு. கடைசியாக ஆர்.ஆர். யூனிட்டின் இரண்டு ஒயரிலேயே அளந்தால் அங்கே 14.2 இருக்கலாம். அங்கே 14.2, பேட்டரியில் 13.1 என்றால் நடுவில் 1.1 வோல்ட் வழியிலேயே சூடாகப் போகிறது. ஆர்.ஆர். யூனிட்டைப் பொறுத்தவரை தன் வேலை முடிந்துவிட்டது, பேட்டரிக்குத்தான் வந்து சேரவில்லை.

ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சொருகியைக் கழற்றி மூக்குக்கிட்டே வைத்துப் பாருங்கள். உருகின வாசனை, பழுப்பேறின பிளாஸ்டிக், தளர்ந்த பின் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் பிரித்து, சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

தூங்கும்போது யார் குடிக்கிறார்கள்

நான்கு நாளில் ஹார்ன் அடிக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் உண்டு. சாவியை எடுத்த பிறகும் டிராக்கர் விழித்திருக்கிறது. உதாரணத்துக்கு 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதுவும் பாதிகூட ஏறாதது, எத்தனை நாள் தாங்கும்?

அளப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் சொருகி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அந்த நேரத்தில் சாவி போடவோ செல்ஃப் தட்டவோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். உங்களுடையது கார்புரேட்டர் வண்டி, இசியூ, டிஜிட்டல் மீட்டர் எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்ட நியாயமே இல்லை. மேலே காட்டினால் டிராக்கர் ஃபியூஸை எடுங்கள், யூஎஸ்பி சார்ஜர் இருந்தால் கழற்றுங்கள், அப்படியும் இறங்கவில்லை என்றால் ஆர்.ஆர். யூனிட் கப்ளரைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ அதுதான் ஆள்.

டிராக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், திருட்டு பயம் நியாயமானது. தூங்கும் மோட் உள்ளதாகப் பாருங்கள், அல்லது உள்ளே தனி பேட்டரி வைத்து வருவதை எடுங்கள். ஊருக்குப் போகும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

காயில் ரீவைண்டிங், லித்தியம், பெரிய பேட்டரி

காயிலைப் பிரிக்கும் முன் பத்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்கு மூன்று ஒயர் வரும், பெரும்பாலும் மஞ்சள். கப்ளரைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, ஒன்று-மூன்று என்று அளந்து பாருங்கள். அந்த முனைகளில் கை படக் கூடாது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் நல்ல ஷாக் அடிக்கும். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டி, ஆக்சிலேட்டருக்குத் தகுந்த மாதிரி சேர்ந்து ஏறினால் காயில் நன்றாக இருக்கிறது. ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால், அல்லது என்ஜினை நிறுத்திப் பார்க்கும்போது மூன்றில் ஏதாவது ஒன்று பாடியோடு தொடர்பு காட்டினால், அப்போது ரீவைண்டிங் பற்றிப் பேசலாம்.

லித்தியம் இப்போது வேண்டவே வேண்டாம். நான்கு செல் லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும். உங்கள் வண்டி கொடுப்பது 13.1. மேட்டில் இருக்கிற தொட்டிக்குப் பள்ளத்திலிருந்து தண்ணீர் ஏறுமா? விலையும் பல மடங்கு, ஒரு தடவை அடியோடு இறங்கிவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. சார்ஜிங்கை 14-க்கு மேல் கொண்டுவந்து ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு ஆசைப்பட்டால் பாருங்கள்.

பெரிய பேட்டரி போடுங்கள், ஆனால் கடைசி வேலையாக. தட்டை லேத்தில் கொடுத்து அகலமாக்கி 14 வைக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் 9-க்குக் குறையாமல், மெயின்டனன்ஸ் இல்லாத, ஆசிட் சிந்தாத ஏஜிஎம் வகை. அடியிலும் பக்கத்திலும் ரப்பர் ஷீட் வைத்து ஆடாமல் கட்டுங்கள். சைலன்சருக்கு மேலே இப்போது இருக்கும் இடம் சரியில்லை, உங்கள் ஊர் சித்திரை வெயிலில் மேலேயும் சூடு, கீழேயும் சூடு. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பேட்டரி வேலையில் இருப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. இடம் மாற்ற முடியாவிட்டால் நடுவே ஒரு சூட்டுத் தடுப்புத் தகடாவது வையுங்கள். ஆர்.ஆர். யூனிட்டையும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, காற்று படுகிற மாதிரி முன் ஃப்ரேமில் மாட்டுங்கள். அதற்கு மீன் செதில் மாதிரி விளிம்பு வைத்திருப்பதே சூடு ஆறத்தான்.

புதிதாக வாங்கியதைக் கடையில் ஒரு மணி நேரத்தில் ஃபுல் சார்ஜ் போட்டுத் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் மாற்றுங்கள். கார் பேட்டரி சார்ஜரில் சின்ன பேட்டரியை வைத்தால் வெந்துவிடும். பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 5-க்கு அரை ஆம்பியர், 9-க்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர், மெதுவாக ராத்திரி முழுக்க.

வழக்கு பற்றி

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் சில பஞ்சாயத்துகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பேட்டரிக்காரர் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். பொதுவாக வாரண்டி கார்டிலேயே சார்ஜிங் கோளாறால் போனால் பொறுப்பில்லை என்று அச்சடித்திருப்பார்கள். 13.1 என்ற உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராக நிற்கும். அவரிடம் சண்டை வேண்டாம்.

எர்த்தைச் சுரண்டாமல், ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டியைக் கையில் கொடுத்த கஸ்டம் பட்டறையிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒயர் தெரியக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தாலும், ஃபியூஸ் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். சுரண்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள், மீட்டர் எண் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், பில் இருந்தால் எடுத்து வையுங்கள். அதோடு போய் ஒயரிங்கைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் அங்கே போகும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள், மறைத்தால் நான் உங்களுக்கு நல்லது செய்தவனாக மாட்டேன். பின்பக்க ஃப்ரேமை அறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சி-யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்துக்கூடப் போடலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். அப்பா வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அறுத்த பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், வெல்டிங் போட்டு மீட்க வேண்டிய நாள் வரலாம்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. ஃபியூஸ் இன்றைக்கு. ஞாயிற்றுக்கிழமை எர்த் அளவு, தூங்கும்போது எடுக்கும் கரண்ட், மூன்று மஞ்சள் ஒயர். எர்த்தைச் சுரண்டி, பேட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜின் பாடிக்கு நேராக ஒரு தடித்த ஒயர், அங்கிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்கு ஒன்று போட்டுவிட்டு, மறுபடியும் ஃபாக் லைட்டோடு அளந்து எழுதுங்கள். 13.8-க்கு மேல் நின்றால் ஃபாக் லைட்டை வைத்துக்கொள்ளலாம், அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்த லைட் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், அட்டையில் போட்டிருப்பதை நம்ப முடியாது. அதுவரை இருக்கிற பேட்டரியை வெளியே எடுத்து அரை ஆம்பியரில் ராத்திரி சார்ஜ் போட்டு, கிக்கரில் அடித்து ஓட்டுங்கள். நான்காவது பேட்டரிக்கு வைத்திருக்கும் பணத்தை என் பதில் வரும்வரை தொடாதீர்கள்.